டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக உருவாகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு உயிரியல் சொல்லித்தரும் ஒரு அப்பாவின் கேள்வி இது: "டி.என்.ஏ. இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொரு இழையும் தனக்கான ஜோடியைச் சேர்த்துக்கொள்கிறது என்பதுவரை புரிகிறது. அடுத்த பக்கத்தில், ஒரு இழை தொடர்ச்சியாக உருவாகும், மற்றது துண்டு துண்டாக உருவாகிப் பிறகு ஒட்டப்படும் என்று இருக்கிறது. எதற்கு இந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை? காரணம் எங்கேயும் போடவில்லையே?"

நியாயமான கேள்வி. நானும் படிக்கிற காலத்தில் "முன்செல்லும் இழை, பின்தங்கும் இழை, ஒகசாகி துண்டுகள்" என்று வரிசையாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான். பாடம் நடத்தப் போன பிறகு ஒரு மாணவி இதையே கேட்டாள். பதில் தெரியாமல் விழித்தேன். அன்றைக்கு இரவு உட்கார்ந்து படித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு வரிப் பதில் வேண்டுமென்றால்: டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன, புதிய இழையை எழுதும் நொதிக்கோ ஒரே ஒரு திசையில்தான் எழுத வரும். ஆனால் இதைச் சொன்னதும் "ஏன் ஒரே திசை?" என்று மகள் கேட்பாள், கேட்க வேண்டும். அங்கே போய்ச் சேர அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில், திசை என்றால் என்ன? டி.என்.ஏ. இழை, சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த ஒரு சங்கிலி. அந்தச் சர்க்கரை டிஆக்சிரைபோஸ். அதில் ஐந்து கார்பன்கள் உண்டு, அவற்றுக்கு 1′ முதல் 5′ வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 1′ கார்பனில் அடினைன், தையமின், குவானைன், சைட்டோசைன் என்ற நான்கு நைட்ரஜன் காரங்களில் ஒன்று தொங்கும். இனி இவற்றை ஏ, டி, ஜி, சி என்றே சொல்கிறேன். 5′ கார்பனில் பாஸ்பேட் இருக்கும். அந்தப் பாஸ்பேட் நீண்டு போய், முன்னால் இருக்கும் சர்க்கரையின் 3′ கார்பனைப் பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகள் ரயில் வண்டி விளையாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவனின் சட்டையைப் பின்னால் நிற்பவன் பிடித்துக்கொள்கிறான். கை என்பது 5′ பாஸ்பேட், முதுகுச் சட்டை என்பது 3′ கார்பன். இந்த ரயிலுக்கு இரண்டு முனைகள், இரண்டும் வேறு வேறு. முதல் பையனின் கைகள் யாரையும் பிடிக்காமல் இருக்கின்றன, அது 5′ முனை. கடைசிப் பையனின் சட்டையை யாரும் பிடிக்கவில்லை, அது 3′ முனை. திசை என்பது இவ்வளவுதான். இந்த ரயிலை மறக்காதீர்கள், கடைசிவரை வரும்.

இப்போது இரண்டு ரயில்களைப் பக்கத்தில் பக்கத்தில், ஆனால் ஒன்று வடக்கு நோக்கியும் மற்றது தெற்கு நோக்கியும் நிறுத்துங்கள். அக்கம்பக்கத்துப் பையன்கள் தோளோடு தோள் உரசிக்கொள்கிறார்கள். அந்த உரசல்தான் காரங்களின் ஜோடி. ஏ எப்போதும் டி-யோடு, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். ஜி எப்போதும் சி-யோடு, மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள். ஏ-யும் ஜி-யும் இரட்டை வளையம் கொண்ட பெரிய காரங்கள், டி-யும் சி-யும் ஒற்றை வளையம் கொண்ட சிறியவை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெரியது, ஒரு சிறியது. அதனால்தான் எந்த எழுத்து எங்கே வந்தாலும் டி.என்.ஏ.வின் அகலம் மாறாமல் 2 நானோமீட்டராகவே இருக்கிறது. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர், ஏறக்குறைய பத்தரை ஜோடிக்கு ஒரு முழுச் சுற்று, வலப்பக்கத் திருகு. விளம்பரப் பலகைகளிலும் ஆய்வகங்களின் முத்திரைகளிலும் இடப்பக்கத் திருகாக வரைந்து வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பது எப்படித் தெரியவந்தது என்பது சுவையான கதை, கொஞ்சம் வருத்தமானதும்கூட. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின், டி.என்.ஏ. இழைகளின் மீது எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1952 மே மாதம் அவரும் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த 51-ஆம் எண் படத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதில் தெரியும் பெருக்கல் குறி, இது சுருள் என்பதைக் காட்டியது. ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய துப்பு வேறொன்று. பிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய ஒரு துறை அறிக்கை, அவருக்குத் தெரியாமலே, கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கின் கைக்கு வந்தது. அந்தப் படிகத்தின் சமச்சீர் வகை அதில் குறிப்பிடப்பட்டிருந்தது: பாதிச் சுற்றுத் திருப்பினாலும் அதே உருவம் கிடைக்கும் வகை. கிரிக் தன் ஆய்வுக்காக அலசிக்கொண்டிருந்த ஹீமோகுளோபின் படிகமும் அதே வகை, அதனால் அதன் பொருள் அவருக்குச் சட்டென்று உறைத்தது. தலைகீழாகத் திருப்பினாலும் அதே மாதிரி இருக்க வேண்டுமென்றால், ஒரு இழை மேலே போக மற்றது கீழே வர வேண்டும்.

மீதி வேலை ஜேம்ஸ் வாட்சனுடையது. அன்றைய பாடநூல்களில் காரங்களின் வடிவமே தவறாகப் போடப்பட்டிருந்தது. அதே அறையில் உட்கார்ந்திருந்த வேதியியலாளர் ஜெரி டோனஹூ அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, வாட்சன் அட்டையை வெட்டி மேசைமேல் நகர்த்திப் பார்த்தார். ஏ-டி ஜோடியும் ஜி-சி ஜோடியும் ஒரே அளவில் பொருந்தின. எந்த உயிரினத்தை எடுத்தாலும் ஏ-யின் அளவும் டி-யின் அளவும் சமம், ஜி-யும் சி-யும் சமம் என்று எர்வின் சார்காஃப் சில ஆண்டுகளுக்கு முன்பே அளந்து வைத்திருந்தார். மனிதருக்கு ஏறக்குறைய 30, 30, 20, 20 விழுக்காடு. அது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. 1953 ஏப்ரல் 25-இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. பிராங்க்ளின் 1958-இல், 37 வயதில், புற்றுநோயில் இறந்தார். நோபல் பரிசு 1962-இல் வாட்சன், கிரிக், மாரிஸ் வில்கின்ஸ் மூவருக்கும் போனது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ.வை எல்லாம் நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர், அதாவது ஒரு ஆளின் உயரத்தைவிடக் கூடுதல். அது அடைந்திருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் 147 எழுத்துக்கு ஒரு உருண்டை வீதம் சுற்றி, அதை மேலும் மடித்து மடித்து வைத்திருக்கிறது.

இந்த எழுத்துகள் என்ன செய்கின்றன? இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், கேள்வி அதைப் பற்றியதல்ல. ஒரு மரபணுவின் எழுத்துகள் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். அதை ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதம் செய்யும். நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 64. அவற்றில் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று சொற்கள் "நிறுத்து" என்கின்றன. இந்த அகராதியைத் திறந்து வைத்தவர்களில் நம் ஹர் கோபிந்த் கொரானாவும் ஒருவர், 1968 நோபல். வாசிக்கும் ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009 நோபல். மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கு நேரடியாகக் குறிப்பு வைத்திருக்கும் பகுதி ஒன்றரை விழுக்காடு அளவுதான். மீதியில் எந்த மரபணு எப்போது, எங்கே இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதிகளும் அடக்கம்.

ஒரே ஒரு எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகையைச் சொல்லலாம். பீட்டா குளோபின் மரபணுவில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி. குளுட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிடும். ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாகி, வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடும். இந்தியாவில் இந்த மரபு முதலில் பதிவானது நீலகிரியில். அங்குள்ள பழங்குடி மக்களிடம் இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் எழுதினார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பிசகான பிரதி வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை, கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும்கூட. மலேரியா ஆண்ட நிலப்பகுதிகளில் இந்த எழுத்துப்பிழை நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, இரட்டிப்பாதலுக்கு வருவோம்.

ஜோடி விதி தெரிந்துவிட்டால் நகலெடுக்கும் முறை தானாகவே தெரிந்துவிடும். ஒரு இழையில் ஏ-ஜி-சி-டி என்றால் எதிர் இழையில் டி-சி-ஜி-ஏ. ஒன்றைத் தொலைத்தாலும் மற்றதை வைத்து எழுதிவிடலாம். பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிர் இழை எழுதினால், ஒன்று இரண்டாகும். ஒவ்வொரு புதிய டி.என்.ஏ.விலும் ஒரு இழை பழையது, ஒன்று புதியது. பாடநூல் இதைப் பாதி பழையன காத்தல் முறை என்று சொல்லும்.

தாளில் எழுத அழகாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கே மேக்ஸ் டெல்புரூக் போன்றவர்கள் நம்பவில்லை. அவருடைய ஆட்சேபம் விளையாட்டானதல்ல. இரட்டைப் புரிக் கயிற்றின் இரண்டு புரிகளையும் ஒரு முனையில் பிடித்து இழுத்துப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கயிறு சுருண்டு முடிச்சு விழும். லட்சக்கணக்கான சுற்றுகள் உள்ள டி.என்.ஏ.வை எப்படிப் பிரிப்பது? வழியில் அங்கங்கே வெட்டி ஒட்டினால்தான் முடியும், அப்படியானால் பழையதும் புதியதும் ஒரே இழையில் கலந்து கிடக்கும் என்றார் டெல்புரூக்.

இதைத் தீர்த்துவைத்த சோதனையை 1958-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மேத்யூ மெசல்சனும் பிராங்க்ளின் ஸ்டாலும் வெளியிட்டார்கள். ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கனமான நைட்ரஜன்-15 கலந்த உணவையே பல தலைமுறைகளுக்குக் கொடுத்தார்கள். அதன் டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு திடீரென்று சாதாரண நைட்ரஜன்-14 உணவுக்கு மாற்றினார்கள். இனி எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தும் லேசானது. அப்புறம் தலைமுறைக்குத் தலைமுறை டி.என்.ஏ.வை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று வேகத்தில் இருபது மணி நேரம் சுழற்றினார்கள். கரைசல் மேலே லேசாகவும் கீழே கனமாகவும் படிந்துவிடும், டி.என்.ஏ. தன் எடைக்கேற்ற இடத்தில் ஒரு பட்டையாக நிற்கும்.

ஒரு தலைமுறை கழித்து ஒரே பட்டை, சரியாக நடுவில். பழையது அப்படியே இருக்க முழுப் புதியது தனியாக உருவாகும் என்ற கருத்து அங்கேயே விழுந்தது. அப்படியென்றால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பட்டைகள் வந்திருக்க வேண்டுமே. இரண்டாம் தலைமுறையில் இரண்டு பட்டைகள்: நடுவில் ஒன்று, லேசான இடத்தில் ஒன்று, சரிபாதி. இங்கே டெல்புரூக்கின் கருத்து விழுந்தது. கலந்து கிடந்திருந்தால் ஒரே பட்டைதான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கும். மகளுக்கு இந்தச் சோதனையைத் தாளில் வரையச் சொல்லுங்கள். மூன்று கருத்துக்கும் மூன்று வரிசை, ஒவ்வொரு தலைமுறையிலும் பட்டை எங்கே வரும் என்று அவளே ஊகித்துப் போடட்டும். ஒருமுறை போட்டுவிட்டால் மறக்காது.

முறுக்குப் பிரச்சினை என்ன ஆனது? அது உண்மையான பிரச்சினைதான். இழைகளைப் பிரிப்பது ஹெலிகேஸ் என்ற நொதி. பாக்டீரியாவில் இரட்டித்தல் கவை, அதாவது இழைகள் பிரிந்துகொண்டிருக்கும் இடம், நொடிக்குச் சுமார் 1000 எழுத்து வேகத்தில் ஓடும். பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று என்றால், நொடிக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் சுற்றுகள், நிமிடத்துக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் பிரிந்தாக வேண்டும். முழு வேகத்தில் ஓடும் நம் வீட்டு மின்விசிறி இதற்குப் பக்கத்தில்கூட வராது. முன்னால் ஏறும் முறுக்கை டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் இறக்குகின்றன. டி.என்.ஏ.வை வெட்டி, முறுக்கு அவிழ விட்டு, அதே இடத்தில் ஒட்டிவிடும். முதல் டோபோஐசோமரேஸை ஜேம்ஸ் வாங் 1971-இல் அறிவித்தார். ஆக, வெட்டி ஒட்டத்தான் வேண்டும் என்று டெல்புரூக் சொன்னதில் பாதி சரியாகப் போயிற்று! வெட்டிய இடத்திலேயே ஒட்டுவதால் இழைகள் கலப்பதில்லை, அது மட்டும்தான் அவர் எதிர்பார்க்காதது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தாக்குவது பாக்டீரியாவின் இந்த நொதியைத்தான். வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும், பாக்டீரியாவின் டி.என்.ஏ. அறுந்து கிடக்கும்.

இப்போது கவையின் முன் நிற்கிறோம். இரண்டு பழைய இழைகள் பிரிந்து கவட்டை மாதிரி விரிந்திருக்கின்றன. எழுதுவது டி.என்.ஏ. பாலிமரேஸ், ஆர்தர் கோர்ன்பெர்க் 1956-இல் கண்டுபிடித்த நொதிக் குடும்பம். அது 3′ முனையில் மட்டுமே புதிய எழுத்தைச் சேர்க்கும். நம் ரயிலில் சொன்னால், புதிதாக வருகிற பையன் எப்போதும் கடைசியில் போய், கடைசிப் பையனின் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் போய் நிற்கக் கூடாது.

ஏன் கூடாது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

எழுத்தைக் கோக்க ஆற்றல் வேண்டும். புதிய நியூக்ளியோடைடு, அதாவது சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு எழுத்து, தனியாக வரும்போது அதன் 5′ பக்கம் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்று போகும், அப்போது வெளிப்படும் ஆற்றலில் பிணைப்பு விழும். ரயிலில், வருகிற ஒவ்வொரு பையனும் தன் கையில் பசை தடவிக்கொண்டு வருகிறான் என்று வையுங்கள். பசை ஒரு தடவைக்குத்தான்.

இப்போது தவறான பையன் வந்து ஒட்டிக்கொள்கிறான். பாலிமரேஸ் அதைக் கண்டுபிடித்துவிடும், ஜோடி பொருந்தாவிட்டால் அகலம் இடிக்கும். உடனே ஒரு எட்டுப் பின்வாங்கி, அவனைப் பிய்த்து எறியும். பிறகு? கடைசிப் பையனின் சட்டை முன்பு போலவே இருக்கிறது. அடுத்து வருகிறவன் தன் கையில் புதுப் பசையோடு வந்து பிடித்துக்கொள்வான். வேலை நிற்காமல் நடக்கும்.

இதையே திருப்பிப் போடுங்கள். ரயில் முன்பக்கமாக நீளுகிறது என்றால், முதல் பையன் தன் பசைக் கையால் புதிதாக முன்னால் வந்து நிற்பவனைப் பிடிக்க வேண்டும். பிடித்தாயிற்று, பசை செலவாயிற்று. இப்போது வந்தவன் தவறான ஆள் என்று தெரிகிறது. பிய்த்து எறிந்தால், முதல் பையனின் கையில் பசை இல்லை. இனி அவன் யாரையும் பிடிக்க முடியாது. ரயில் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கைக்குத் தனியாகப் பசை கொண்டுவந்து பூச இன்னொரு ஏற்பாடு வேண்டும்.

அதாவது 3′ முனையில் எழுதினால், எழுதிக்கொண்டே அழித்துத் திருத்தலாம். 5′ முனையில் எழுதினால் திருத்தம் சங்கிலியை முடக்கிவிடும். ஒரே திசையில் எழுதுவது என்பது பிழை திருத்தும் வசதிக்காகக் கொடுக்கும் விலை என்று இதைப் பெரும்பாலான உயிரியலாளர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது.

அந்த விலை பின்தங்கும் இழையில், அதாவது துண்டு துண்டாக உருவாகும் இழையில், தெரிகிறது. பிரிந்த இரண்டு பழைய இழைகளில் ஒன்றில், எழுதும் திசையும் கவை நகரும் திசையும் ஒன்றாக இருக்கும். பாலிமரேஸ் கவையின் பின்னாலேயே ஓடி ஒரே மூச்சில் எழுதிவிடும். மற்ற இழை எதிர்த்திசையில் ஓடுவதால், அதில் எழுதும் பாலிமரேஸ் கவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. கவை கொஞ்சம் திறக்கக் காத்திருந்து, கவைப் பக்கமிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒரு துண்டு எழுதும். அதற்குள் கவை மேலும் திறந்திருக்கும், மறுபடி கவைப் பக்கம் போய் இன்னொரு துண்டு. கைத்தையலில் ஊசியைப் பின்னால் குத்தி முன்னால் எடுப்போமே, அதே மாதிரி. ஒவ்வொரு குத்தும் பின்னோக்கி, தையல் மொத்தமும் முன்னோக்கி.

இந்தத் துண்டுகள் இருப்பதைக் காட்டியவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இருந்த ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி. பாக்டீரியாவுக்குக் கதிரியக்கத் தையமிடினைச் சில நொடிகள் மட்டும் காட்டி, உடனே நிறுத்திப் பார்த்தார்கள். புதிதாக எழுதப்பட்டது சிறு சிறு துண்டுகளாக இருந்தது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் அதே கதிரியக்கம் நீண்ட இழைகளுக்கு மாறியிருந்தது. ஒட்டும் நொதியான லைகேஸ் வேலை செய்யாத வைரஸில் துண்டுகள் ஒட்டப்படாமல் குவிந்து கிடந்தன. பாக்டீரியாவில் ஒரு துண்டு ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து, நம் செல்களில் நூறு முதல் இருநூறு. ரெய்ஜி, ஹிரோஷிமாவில் பிறந்து சிறுவயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தார். சுனேகோ ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இன்னொரு வேடிக்கை. பாலிமரேஸுக்கு வெறுமையிலிருந்து தொடங்கத் தெரியாது, பிடிக்க ஒரு சட்டை வேண்டும். அதனால் பிரைமேஸ் என்ற நொதி முதலில் பிரைமர் என்ற ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டை எழுதிக் கொடுக்கும். பாலிமரேஸ் அங்கிருந்து தொடரும். வேலை முடிந்ததும் அந்த ஆர்.என்.ஏ. அழிக்கப்பட்டு, டி.என்.ஏ. எழுத்துகளால் நிரப்பப்பட்டு, லைகேஸ் ஒட்டிவிடும். ஏன் ஆர்.என்.ஏ.? முன்னால் எதுவும் இல்லாமல் எழுதும் முதல் சில எழுத்துகளைச் சரிபார்க்க வழியில்லை, அதில் பிழை அதிகம். அதை வேறு பொருளில் எழுதிவைத்தால் "இது தற்காலிகம், அழிக்க வேண்டியது" என்று அடையாளம் தெரியும். பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பேனாவால் எழுதுகிற மாதிரி. இங்கேயும் காரணம் பிழைதான் என்பதைக் கவனியுங்கள்.

படியெடுத்தலுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் ஒரு இழையை மட்டுமே வாசிக்கிறது, பிரைமரும் கேட்பதில்லை. அதன் பிழை விகிதமும் அதிகம், ஆனால் தூது ஆர்.என்.ஏ. கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும், பரவாயில்லை. ஆர்.என்.ஏ.வையே மரபுப் பொருளாக வைத்திருக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு இந்தத் திருத்தும் வசதி இல்லை. அதனால்தான் அது ஆண்டுக்கு ஒரு முகம் காட்டுகிறது.

பிழைக் கணக்கு இப்படி. ஜோடி பொருத்தத்தை மட்டும் நம்பி எழுதினால் ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை. எழுதும்போதே திருத்துவதால் அது நூறு மடங்கு குறைந்து ஒரு கோடிக்கு ஒன்றாகும். எழுதி முடித்த பிறகு இன்னொரு பழுதுபார்க்கும் குழு வந்து தேடித் திருத்துகிறது. கடைசியில் நூறு கோடிக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இந்தப் பழுதுபார்ப்பு வேலைகளைப் பற்றிய ஆய்வுக்குத்தான் 2015 வேதியியல் நோபல் லிண்டால், மோட்ரிச், சன்சார் மூவருக்கும் கிடைத்தது. அப்படியும் தப்புகிற பிழைகள் உண்டு. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்கள் அறுபது, எழுபது இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

சங்கிலி வளர 3′ பக்கம் ஒரு கொக்கி இருக்க வேண்டும் என்பதை வைத்து மருந்தும் செய்திருக்கிறார்கள். அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், ஜி மாதிரி வேடம் போடும் மூலக்கூறு, ஆனால் அதற்கு 3′ கொக்கி கிடையாது. வைரஸின் பாலிமரேஸ் ஏமாந்து அதைக் கோத்துக்கொண்டால், அடுத்தவன் பிடிக்கச் சட்டை இல்லை, ரயில் அங்கேயே முடிந்தது.

ஒரு திசை என்ற விதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. பின்தங்கும் இழையின் கடைசித் துண்டில், பிரைமரை அழித்த பிறகு அந்த இடத்தை நிரப்ப முடியாது, அதற்கு அப்பால் பிடிக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் குரோமோசோமின் முனை கொஞ்சம் குறையும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. வளையம், முனையே கிடையாது, அதற்குக் கவலையில்லை. நம்முடையதில் முனைகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, தேய்வதற்கென்றே வைத்த மாதிரி. இதுதான் டெலோமியர். அதை மறுபடி நீட்டும் டெலோமரேஸ் நொதி இனச்செல்களிலும் குருத்துச் செல்களிலும் வேலை செய்கிறது. சாதாரண உடல் செல்களில் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது, பெரும்பாலான புற்றுநோய்களில் விழித்துக்கொள்கிறது. பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் 2009 மருத்துவ நோபல் இதற்காக.

கடைசியாக வேகம். ஈ.கோலைக்கு 46 லட்சம் எழுத்து. ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் ஓடினால் 40 நிமிடம் ஆகும். ஆனால் அந்தப் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை பிளக்கிறதே? முதல் நகல் முடிவதற்குள் அடுத்த நகலைத் தொடங்கிவிடுகிறது, பேரப்பிள்ளைக்கான நகல் பாட்டியின் வயிற்றிலேயே ஆரம்பமாகிவிடும். நம் பாலிமரேஸ் நிதானி, நொடிக்கு 50 எழுத்து அளவுதான். 25 கோடி எழுத்துள்ள நம் முதல் குரோமோசோமை ஒரே இடத்தில் தொடங்கினால் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். அதனால் ஒரு செல்லுக்குள் பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கி, எட்டு மணி நேரம் போல எடுத்து முடித்துவிடுகிறது.

அப்படித் தொடங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குமிழி மாதிரி திறக்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கவை. பாடநூல் படங்களில் பாதிக் குமிழியை மட்டும் வரைந்து ஒரு இழையை "முன்செல்லும்", மற்றதைப் "பின்தங்கும்" என்று எழுதிவிடுவதால் குழப்பம் வருகிறது. மகளை முழுக் குமிழியையும் வரையச் சொல்லுங்கள். பழைய இழைகள் இரண்டிலும் 5′, 3′ முதலில் குறிக்கட்டும். பிறகு புதிய இழைகளுக்கு அம்புக்குறி போடட்டும், அம்பின் கூர்முனை எப்போதும் 3′ பக்கம். ஒரே பழைய இழைக்கு எதிரே, குமிழியின் இடப்பக்கம் தொடர்ச்சியாக எழுதப்பட்டால் வலப்பக்கம் துண்டு துண்டாக எழுதப்படுவதை அவளே கண்டுபிடிப்பாள்.